எல்லார் கையிலும் கத்தி

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "கொலைகாரன் வாசல்ல தொங்கிக்கிட்டு இருக்கான், இவன் எங்கடா உள்ள தேடுறான்?" தியேட்டரே சிரித்தது. பெண்கள் கவுண்டரில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த நான் எழுந்துபோய் வாசலில் மாட்டியிருந்த பேனரைப் பார்த்தேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அது. தியேட்டர் மலாக்காவில், காஜா பேராங்கில் இருந்தது. படம் சிரிப்பும் மர்மமும் கலந்த தமிழ்ப் படம். பெயர் வேண்டாம், இன்னும் பார்க்காதவர்கள் இருக்கலாம். சாப்பாட்டுக் கடை சர்வர் ஒருவன், யார் எதைச் சாப்பிட்டார்கள், எதை மிச்சம் வைத்தார்கள் என்று பார்த்தே கொலைகாரனைத் தேடுவான். போலீஸ்காரர் முறைத்தால் அவருக்கே பில்லை நீட்டுவான். அப்படிப்பட்ட படத்தை நாங்கள் வாசலிலேயே கெடுத்து வைத்தோம்.

பேனர் வரைந்தவர் சுப்பையா அபாங். அபாங் என்றால் மலாயில் அண்ணன். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட மலாக்கா செட்டிக் குடும்பம். கும்பிடுவது முருகனை, பேசுவது மலாய். 'தங்கச்சி' மாதிரி நாலைந்து வார்த்தைகள் தவிரத் தமிழ் தெரியாது. கதை தெரியாமலேதான் எல்லாத் தமிழ்ப் படத்துக்கும் வரைவார். படப்பெட்டியோடு வரும் ஸ்டில்களில் எது விறுவிறுப்போ அது நடுவில் வரும். இந்த முறை கடைசிக் காட்சி ஸ்டில்லும் உள்ளே இருந்துவிட்டது. கத்தியை ஓங்கிய ஆளை மாடி உயரத்துக்கு வரைந்து மாட்டிவிட்டார். மற்றவர்கள் வெறுங்கையோடு ஓரத்தில் நின்றார்கள். படம் பார்க்காத நாங்களும் அண்ணாந்து பார்த்து, பிரமாதம் என்றோம். எங்களைச் சொல்ல வேண்டும்.

அடுத்த காட்சிக்குப் பாதி நாற்காலி காலி. எங்கள் தவுக்கே, அதாவது சீன முதலாளி, கொதித்துப்போனார். கத்தியை அழி, சனிக்கிழமையும் இப்படி இருந்தால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று சுப்பையா அபாங்கிடம் சொல்லிவிட்டார். அபாங் பிள்ளைகுட்டிக்காரர். பிரஷ்ஷும் கையுமாக ஏணியடியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அழித்து என்ன பிரயோஜனம்? அழித்த இடம்தான் முதலில் கண்ணில் படும். புதிதாக வரையலாம் என்றால் பெயிண்ட் இல்லை. சுதந்திரத்துக்காகத் தெருவெல்லாம் கட்டிய மெர்டேக்கா வளைவுகளுக்கென்று கடைகளில் இருந்த வண்ணமெல்லாம் போய்விட்டது. எங்களிடம் மிச்சம் இருந்தது கூரைத் தகரத்துக்கு அடிக்கும் வெள்ளி நிறப் பெயிண்ட் ஒரு டின்தான்.

அந்த நேரம் பார்த்து, உஜோங் பாசிரிலிருந்து வந்த ஓர் அக்கா பேனரைக் காட்டிக்கொண்டே கவுண்டரில் குனிந்தார். "ஏம்மா, அந்த வெள்ளச் சீலக்காரம்மா கையில ஒண்ணுமே இல்லியே. அப்ப அவங்க நல்லவங்கதானா?"

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கை காலியாக இருப்பதால்தான் மற்றவர்கள் தப்பிக்கிறார்கள். அக்காவுக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஏணியடிக்கு ஓடினேன்.

"அபாங், ஒருத்தன் கத்திய அழிக்காதீங்க. எல்லாருக்கும் ஒண்ணு குடுங்க," என்று மலாயில் சொன்னேன்.

அவர் எழுந்து டின்னைத் திறந்தார். வெள்ளைச் சேலை அம்மாவுக்கு இடுப்பில் ஒரு கத்தி. கதாநாயகிக்குப் பூக்கூடைக்குள் ஒன்று. போலீஸ்காரருக்கு முதுகுக்குப் பின்னால். சர்வருக்கு ஒரு கையில் காப்பி, மறு கையில் கத்தி. கூண்டுக் கிளியையும் விடவில்லை, அதன் அலகில் ஒரு குட்டிக் கத்தி. கிளிக்கு எதற்கு என்று அதட்டினேன். பெயிண்ட் மிச்சம் இருக்கிறதே என்றார்.

சனிக்கிழமை வரிசை ரோட்டைத் தொட்டது. முதல் காட்சி பார்த்தவர்களே திரும்பி வந்து, போலீஸ்காரர்தான், கதாநாயகிதான் என்று வரிசையில் வாய் கூசாமல் புளுகினார்கள். தவுக்கே பேனரை அண்ணாந்து பார்த்தார். வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அடுத்த படத்து ஸ்டில்களைச் சுப்பையா அபாங் கையில் கொடுத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இப்போது கவுண்டரில் உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உள்ளே இருப்பதை விற்கத்தான் நமக்குச் சம்பளம், வெளியே விடுவதற்கு அல்ல. பேனர் வரைவதென்றால் முதலில் படத்தைப் பாருங்கள். சுப்பையா அபாங் அந்தப் படத்தைக் கடைசி நாளில்தான் பார்த்தார், மனைவியோடு, என்னிடம் டிக்கெட் வாங்கி. வெளியே வரும்போது வரிசையில் நின்ற பெண்கள் அவரை மடக்கி, கொன்றது யார் என்று கேட்டார்கள். அவர் அதற்குள் தமிழில் இன்னொரு வார்த்தை கற்றுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"கிளி, தங்கச்சி," என்றார்.