பெண்ணையாறு மூடிவிடுமோ என்று பயந்து ஓசூர் போனது

போன செவ்வாய்க்கிழமை நான் ஓசூர் போனது ஒரு சிலிகான் அச்சைக் காப்பாற்ற. பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளி ஒன்றுக்கு, விரலால் தடவிப் படிக்கும் மாவட்ட வரைபடங்களை ரெசினில் வார்க்கிறேன். இருபது வேண்டும், எட்டுதான் ஆகியிருக்கிறது. ரெசினின் சூட்டில் அச்சு வறண்டு, பெண்ணையாற்றுக் கோட்டின் ஓரம் உரியத் தொடங்கியது. மூல வரைபடம் முன்பே என் கையால் உடைந்துவிட்டது. வார்த்த எட்டும் பள்ளிக்குப் போய்விட்டன; வேறு அச்சு எடுக்க வழியில்லை.

கிருஷ்ணகிரியில் காலை 6.40 பேருந்து, ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். சூளகிரி தாண்டியதும் பனி. மலைகளும் ஆலைக் கூரைகளும் சாம்பல் நிறத்தில் மிதந்தன. மடியிலிருந்த அச்சுக்குள் அதே மலைகள் பள்ளங்களாகக் கிடந்தன. எது எதன் அச்சு என்று சற்று நேரம் புரியவில்லை. பாதித் தூக்கமாகவும் இருக்கலாம்.

அச்சுகளுக்கு மறுபூச்சு போடும் மத்திகிரிப் பட்டறைக்கு ஆட்டோ, 150 ரூபாய்.

"என்ன சார், கேக்கா? இப்படிப் புடிச்சிருக்கீங்க" என்றார் ஓட்டுநர்.

"கிருஷ்ணகிரி மாவட்டம்."

"அப்ப பள்ளம் பாத்து ஓட்டறேன்."

பூச்சு வேலை செய்யும் மஞ்சுளா அச்சைத் தொட்டு, விரலை முகர்ந்தார்.

"தேங்கா எண்ணெயா சார்?"

"ஒவ்வொரு வார்ப்புக்கும் பிறகு மூன்று சொட்டு. நோட்டில் குறித்திருக்கிறேன்."

உள்ளே யாரிடமோ கன்னடத்தில் ஏதோ சொன்னார். சிரிப்புச் சத்தம் வந்தது. "தலைக்குத் தேய்க்க வேண்டியதை இதுக்குத் தேய்ச்சிருக்கீங்க. சிலிகான் மேல சிலிகான்தான் ஒட்டும். எண்ணெ இருந்தா அதுவும் ஒட்டாது."

கரைப்பான் தொட்டு இரண்டு முறை துடைத்தார். பிறகு, நீர்க்கக் கரைத்த சிலிகானைத் தூரிகையால் தடவிச் சூட்டுப் பெட்டியில் வைத்தார். இரண்டு மணி நேரம். எதிரே ரோஜா வளர்க்கும் கூடாரங்களின் பிளாஸ்டிக் காற்றில் மெல்ல மூச்சு விட்டது. பூச்சு தடித்திருந்தால் அச்சில் பள்ளமாக ஓடும் ஆறு மூடிவிடும் என்பதே என் நினைப்பாக இருந்தது.

சோதனைக்கு மெழுகு ஊற்றி எடுத்தார். என் விரலை நான் நம்பவில்லை. அவரே கண்ணை மூடி, ஊத்தங்கரைப் பக்கமிருந்து ஆற்றுக் கோட்டைப் பிடித்து மேலே வந்தார். "இது பெரிய அணை... இன்னும் மேல... சார், இது கெலவரப்பள்ளி. எங்க வீடு இங்கதான்."

போகிறவர்களுக்கு: அச்சைச் சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி எடுத்துப் போங்கள். எண்ணெய் வேண்டாம். மிக மெல்லிய பூச்சு என்று முதலிலேயே சொல்லுங்கள். 6 வார்ப்புக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டுமாம்.

நேற்று ஒன்பதாவது வரைபடத்தை வார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஊத்தங்கரையிலிருந்து கிளம்பினேன். மஞ்சுளாவின் வீடு வரை ஆறு எங்கும் அறுபடவில்லை.