கொம்பு ஊதியதும்

ஓப்பநாயக்கவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இன்று ராஜா காலத் திருவிழா. ஏழு வயது மகளின் நச்சரிப்பு தாங்காமல் கொழும்பிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறேன். மைதானத்தில் அட்டைக் கோட்டை நிற்கிறது. காவல்காரன் வெள்ளிக் காகிதம் ஒட்டிய ஈட்டியால் முதுகைச் சொறிந்துகொள்கிறான். முன்வரிசை நாற்காலியில் தோட்டத்து மேனேஜர் துரை ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்.

ராஜா வருவதற்குக் கொம்பு ஊதுகிறார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று ஒரே வரிசையில் நிற்கிறார்கள். டிக்கெட் வரிசையாக்கும் என்று நானும் மகளை இழுத்துக்கொண்டு ஓடி நிற்கிறேன்.

"எதுக்குங்க இந்த வரிசை?" என்று முன்னால் நிற்கும் அக்காவிடம் கேட்கிறேன்.

"பெரட்டுங்க. தினம் காலையில கொம்பு ஊதினா இப்படி வந்து நிப்போம். எந்த மலையில கொழுந்து எடுக்கணும்னு சொல்லுவாங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமைன்னு தெரியுது. காலுதான் கேக்க மாட்டேங்குது."

மேடை ஏறும் ராஜா, தோட்டத்து லொறி டிரைவர். இவ்வளவு ஒழுங்கான குடிமக்களைப் பார்த்ததும் அவருக்கு வசனம் மறந்துபோகிறது. கடைசியில் வாளை உயர்த்தி, "நாளைக்கு எல்லாருக்கும் லீவு" என்கிறார்.

ஒருவரும் அசையவில்லை.

"ராஜாவே லீவு குடுத்துட்டாரே, ஏன் இன்னும் நிக்கிறீங்க?" என்று மகள் கேட்கிறாள்.

அக்கா குனிந்து மெதுவாகச் சொல்கிறார்: "ராஜா குடுக்கலாம் பாப்பா. தொரை ஒத்துக்கணுமே."

மேடையைப் பார்க்கிறேன். ராஜா கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியபடி, முன்வரிசை நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.