ஒரு மணி நேரம் தாமதம்

நான் வேலை பார்த்த விமான கம்பெனி மலிவு டிக்கெட்டுக்குப் பேர் போனது. ஆம்னி பஸ் கட்டணத்தில் ஆகாயத்தில் பறக்கலாம் என்றதும் கூட்டம் அலைமோதியது. டெல்லி விமான நிலையத்தில் அதன் கவுன்டரில் இருந்தேன். ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம் சாமை விதைக்கிற வீட்டில் பிறந்தவனுக்குக் கழுத்தில் டை. தலைகால் புரியவில்லை. காலி இருக்கை இருந்தால் ஊழியர்கள் இலவசமாகப் பறக்கலாம் என்பதில் இன்னும் கொஞ்சம் திமிர்.

எல்லாம் மூன்று வருஷம்தான். கம்பெனி பாக்கி வைத்ததால், வாடகைக்குக் கொடுத்தவர்கள் விமானங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பயணிகள் கத்தினால், "ஒரு மணி நேரம் தாமதம்" என்று சொல்ல எங்களுக்கு உத்தரவு. நாளெல்லாம் வாய் கூசாமல் சொன்னேன்.

அப்படியொரு காலையில் ஊரிலிருந்து அக்கா பேசினாள்.

"இன்னாடா, எப்போ வர்றே? அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. உன் பேரையே சொல்லினு கீது."

"மத்தியானம் ப்ளேன்ல வர்றேன்க்கா. ராத்திரிக்குள்ள வூட்ல இருப்பேன்."

அப்போது வேறு கம்பெனி விமானத்தில் இடம் இருந்தது. கையில் காசும் இருந்தது. நம் விமானம் இருக்கும்போது அவனுக்கு எதற்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஊருக்கெல்லாம் சொன்ன புளுகை நானே நம்பி, பையை மடியில் வைத்துக்கொண்டு பயணிகளோடு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்கு எங்கள் விமானங்கள் அத்தனையும் ரத்து என்று பலகையில் வந்தது. கம்பெனியையே மூடிவிட்டார்கள். மற்ற கவுன்டர்களுக்கு ஓடினேன்; காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். மறுநாள் காலைக்குத்தான் இடம் கிடைத்தது.

மறுநாள் மாலை ஜீப்பிலிருந்து இறங்கும்போதே வீட்டு வாசலில் கூட்டம் தெரிந்தது. அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அக்கா என்னைத் தூக்கி உட்காரவைத்தாள்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் வாசலையே பாத்துனு இருந்துச்சுடா. ஏரோப்ளேன் ஏறிட்டான்மா, பக்கத்துல வந்துட்டான்னு சொன்னேன். அப்புறந்தான் கண்ணை மூடுச்சு."

அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"நிஜமாவே வேற ப்ளேன் எதுவும் இல்லியாடா?"

"இல்லக்கா" என்றேன்.