பஞ்சுக்குக் கட்டிய அறை

நான் வாக்கப்பட்டு வந்த வீட்டைக் கட்டியவர் இந்த வட்டாரத்துப் பெரிய மேஸ்திரி. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆள். பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் இன்னும் மூன்று வீடுகளும் ஒரு சத்திரமும் அவர் திட்டம் போட்டுக் கட்டியவை. சாமி அறையில்கூட எங்கள் வீட்டு ஆட்களுக்கு அவ்வளவு பக்தி வராது. மேஸ்திரி பேச்சை எடுத்தால் குரல் தணிந்துவிடும்.

அந்த மகராசன் எங்கள் படுக்கையறைக்கு ஜன்னல் வைக்கவில்லை. பதினெட்டு வருஷமாக அதில்தான் படுக்கிறேன். சித்திரையில் கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும். வந்த அன்றே மாமியார் சொல்லிவிட்டார், "புதுசாக் கல்யாணம் ஆனவங்களுக்குன்னே கட்டுன அறை கண்ணு. கண்ணு படக்கூடாதுன்னுதான் சன்னல் வெக்கல." நானும் வெட்கப்பட்டுச் சிரித்தேன், பைத்தியக்காரி.

ஒரே ஒரு ஜன்னல் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். "மேஸ்திரி வெச்ச செவுரு. ஒரு கல்லை உருவுனா மொத்த ஊடும் எறங்கீரும்" என்பார் என் வீட்டுக்காரர். முன்னறையில் நான்கு பனியன் தையல் மெஷின் போட்ட வருஷம், பஞ்சுத்தூசி பறக்கிறது, மோட்டார் சூடாகிறது என்று அதே மேஸ்திரியின் சுவரை ஒரு முழத்துக்கு உடைத்து எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தார். வீடு இறங்கவில்லை. கேட்டால், "அது தொழிலு" என்றார்.

போன மாதம் கட்டடக்கலை படிக்கும் பெண் ஒருத்தி மேஸ்திரியின் வீடுகளை அளந்து வரைய வந்தாள். என் அறைக்குள் டார்ச் அடித்து மேலும் கீழும் பார்த்தாள். "அவர் கட்டுன எல்லா ஊட்லயும் இப்படி ஒண்ணு இருக்குங்க்கா. பஞ்சு போட்டு வெக்கற ரூம். தீப்பொறி வந்துரக்கூடாதுன்னு சன்னல் வெக்க மாட்டாருங்க."

"ஆளுக படுக்கறதுக்கு இல்லையா கண்ணு?"

"இல்லீங்க்கா. பஞ்சுக்கு மட்டுந்தான்."

பதினெட்டு வருஷக் கோபமும் ஒரேயடியாகத் தலைக்கேறியது. மேஸ்திரி மேல் இல்லை. பாவம், பஞ்சுக்கு அவர் நல்ல அறைதான் கட்டியிருக்கிறார். அப்படியென்றால் ஒரு ஜன்னல் வைத்துவிடலாமா என்று அவளிடமே கேட்டேன். படித்த பெண், எனக்குத் தோதாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன். அவள் பதறிவிட்டாள். "வேண்டாங்க்கா. மத்த ஊட்ல எல்லாம் இந்த ரூமை இடிச்சுப்போட்டாங்க. கைபடாம இருக்கறது இது ஒண்ணுதான்."

போகிறபோது என் வீட்டுக்காரரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனாள். அவர் முகம் மலர்ந்துபோனது. மறுநாளே துணி ரோல்களைத் தூக்கி வந்து எங்கள் அறையில் அடுக்கினார். "பஞ்சுக்குன்னே கட்டுனதாமா. ஈரமே ஏறாது பாரு." கட்டில் சுவரோரம் ஒதுங்கியது. அதை வெளியே எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெஷின்கள் ஓடவில்லை. மதியச் சோற்றுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பாயையும் தலையணையையும் எடுத்துப் போய் முன்னறையில் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நேர் கீழே படுத்தேன். நின்றிருந்த ஃபேனின் இறக்கைகளுக்கு இடையே கொஞ்சம் வெளிச்சமும் கொஞ்சம் காற்றும் வந்தன. தேடிக்கொண்டு அவர் வந்தார்.

"ஏம்புள்ள, இங்க வந்து படுத்திருக்கறே?"

"இங்கதானுங்க செவுத்தை ஒடச்சிருக்கீங்க" என்றேன்.