வெப்ராளத்துக்கு ஒரு நாற்காலி

சென்ற திங்கட்கிழமை காலை ரப்பர் ஷீட்டுகளை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தபோது மறுவாழ்வு மையத்து வாட்ச்மேன் போனில் அழைத்தார். "அண்ணே, நம்ம எஸ்தர் சிஸ்டர் போயிட்டாவ."

"எங்க போனாவ? லீவே போடாத பொம்பளையாச்சே?" என்றேன்.

"செத்துப் போயிட்டாவண்ணே" என்றார். மாரடைப்பாம். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

குடியிலிருந்து மீள வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் நர்ஸ் அவர். எத்தனையோ பேர் அவரால் எழுந்து நடக்கிறோம். ஊரில் எவனும் வாய் திறந்து ஒப்புக்கொள்ள மாட்டான். ஆகவே அருமனைச் சீமையின் முன்னாள் குடிச்சக்கரவர்த்தியாகிய நானே நம் எல்லோர் சார்பிலும் எழுதுகிறேன்.

என் குடி உலகறிந்தது. அதற்கும் மூத்தது என் வெப்ராளம், அதாவது எங்கள் ஊர்ப் பேச்சில் பதற்றம். நாலு பேர் கூடினால் போதும், என் நெஞ்சு அடிக்கிற அடியில் பேச்சிப்பாறை அணை விரிசல் விடும். உள்ளங்கை வியர்வையில் இரண்டு போகம் நெல் விளையும். அதை அடக்கத்தான் முதல் மடக்கு. மூன்று முறை சிகிச்சை எடுத்துக் குடியை விட்டேன். மூன்று முறையும் அடுத்து வந்த கல்யாண வீட்டிலேயே மறுபடி பிடித்தேன். வெளியூர் டாக்டர் ஒருவரிடம், "வெப்ராளம் வருது" என்று சொல்லியும் பார்த்தேன். அவர் காதில் அது 'ஏப்பம்' என்று விழுந்துவிட்டது. ஒரு மாதம் கேஸ் மாத்திரை. குமரி மாவட்டத்திலேயே ஏப்பம் விடாத ஒரே குடிகாரன் ஆனேன்.

நாலாம் முறையாக மறுவாழ்வு மையத்துக்குப் போனபோது எஸ்தர் சிஸ்டர்தான் முதல் நாளே கேட்டார்: "அண்ணே, மொதல்ல வந்தது குடியா, வெப்ராளமா?"

யாரும் கேட்டிராத கேள்வி. அணைக்கதையை முழுக்கச் சொன்னேன். சிரித்துவிட்டு, "ரொம்ப அளக்காதீங்க. மூச்ச மட்டும் அளந்து விடுங்க" என்றார். பிறகு சொன்னார்: "கூரை ஒழுவுது, நீங்க கீழ பாத்திரம் வச்சிருக்கிய. பாத்திரத்த மட்டும் எடுத்தா வீடு நனையும். ரெண்டையும் சேத்துப் பாக்கணும்." அந்த வாரமே மனநல டாக்டரிடம் அழைத்துப்போனார். குடிப்பழக்கத்துக்கும் பதற்றத்துக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் தொடங்கியது.

மாத்திரையோடு பயிற்சியும் உண்டு. சந்தை கூடும் நேரம் பார்த்து என்னை மீன் வாங்க அனுப்பினார். "ஓடாம நில்லுங்க. ஏறும், உச்சிக்குப் போவும், தானா எறங்கும்." நின்றேன். மீன்காரி பொறுத்துப் பார்த்தாள். "ஏ அண்ணே, மீன் வாங்குதியளா, இல்ல அதுகூட மொறச்சு வெளயாடுதியளா?" பின்னாலிருந்து சிஸ்டரின் சிரிப்பு கேட்டது. நிஜமாகவே இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் வாங்கிக் குவித்த சாளை மீனை எங்கள் தெருப் பூனைகளெல்லாம் மூன்று நாள் தின்று, நாலாம் நாள் சைவமாகிவிட்டன.

உண்மையான பரீட்சை மகள் கல்யாணம். சர்ச் நிறைய ஜனம்; நடுவில் அவள் கையைப் பிடித்து நான் நடக்க வேண்டும். வாசலில் மச்சினன் கிசுகிசுத்தான்: "அத்தான், ஒரேயொரு மடக்கு, தைரியத்துக்கு." என் கை நீண்டேவிட்டது. நீண்ட கையால் போனை எடுத்து சிஸ்டரை அழைத்தேன்.

"வெப்ராளம் வந்துட்டா?" என்றார். "கூப்பிடாம வந்த சொந்தக்காரன கல்யாண வீட்டுல வெரட்ட முடியுமா? ஒரு நாற்காலி போட்டு இருத்துங்க. ஊத்திக் குடுக்க மட்டும் செய்யாதீங்க."

நடந்தேன். "அப்பா, இப்பிடி இறுக்காதீங்க, கை வலிக்கு" என்றாள் மகள் பாதி வழியில். அவ்வளவுதான் சேதம்.

புதன்கிழமை அடக்க ஆராதனையில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சொன்ன நொடியே வந்துவிட்டான் பழைய சொந்தக்காரன். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். பிந்தி வந்த ஒருவர் அதைத் தொட்டு, "இங்க ஆளு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு மக்கா. எனக்க கூட வந்த ஆளுதான்" என்றேன்.

பிறகு எழுந்து போய்ப் பேசினேன். சிஸ்டர் எனக்கு விட்டுப்போனது அந்த நாற்காலிதான். திரும்பி வந்து பார்த்தபோது அது காலியாக இருந்தது.