ஒன்பது வரும் நம்பர்

நாமக்கல்லில் சென்னியப்பண்ணனைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. டீசல் குறைந்தால் பங்க்காரன் மேல் சந்தேகம், டயர் தேய்ந்தால் டிரைவர் மேல் சந்தேகம். என் பட்டறையில் லாரிக்கு பாடி கட்டக் கொடுத்தால், முடியும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். போனில் பேசினாலும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். இல்லாவிட்டால் எதிராளி சொன்னதற்குச் சாட்சி இருக்காதாம்.

அவர் நம்பிய ஒன்றே ஒன்று கூட்டுத்தொகை. எவ்வளவு பெரிய நம்பரானாலும் இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். எட்டு வந்தால் லாரியே வேண்டாம் என்பார். எங்கள் ஊர் லாரிக்காரர்கள் பலர் அப்படித்தான். இவரோ போன் நம்பரையும் அதை வைத்தே சரிபார்ப்பார். போனில் பதிந்துவைத்தால் எவனாவது திருடிவிடுவான் என்று எல்லா நம்பரும் மனப்பாடம்தான்.

மனைவி இறந்தபின் மகள் தனப்பிரியாதான் அவருக்கு எல்லாம். அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குக் கிளம்பியபோது, பஸ் ஸ்டாண்டில் தன் புது நம்பரைச் சொன்னாள். கூட்டிப் பார்த்தார், ஒன்பது.

"நீ கூப்புடாத. கோவம் ஆறுனா நானே கூப்புடறேன்" என்று அனுப்பிவிட்டார்.

ஆடிப்பெருக்குக்குள் கோபம் ஆறிவிட்டது. மோகனூர் காவிரிக்கு மகளை அழைத்துப் போகும் ஆசையில் கூப்பிட்டார். ஆத்தூர்க்காரர் ஒருவர் எடுத்து ராங் நம்பர் என்றார்.

"கூட்டுனா அதே ஒம்பதுதான் வருது. அப்ப என் ஞாபகத்துல தப்பில்ல. புள்ளதான் பொய் நம்பர் குடுத்துட்டுப் போயிருக்குது" என்றார் என்னிடம்.

"ஓசூருக்கே போய்ப் பாத்துட்டு வாங்ணா."

"பொய் நம்பர் குடுத்தவ கதவையா தொறக்கப் போறா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அதன்பிறகு வருஷக்கணக்காக மகள் பேரையே எடுக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

போன மாதம் அவருடைய புது லாரிக்கு 7215 என்று எழுத வேண்டியதை என் பெயின்டர் 7125 என்று எழுதிவிட்டான். அண்ணன் வழக்கம்போல் கூட்டினார். ஆறு. தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். சேலம் ரோட்டில் போலீஸ் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து நேரே வந்து என்மேல் பாய்ந்தார்.

"கூட்டுனனே, ஆறுதான வந்துச்சு?"

"எலக்கம் எடம் மாறுனாலும் ஆறுதாங்ணா வரும். எத்தன பெரிய நம்பரா இருந்தாலும் அப்படித்தான். ஒன்னுலருந்து ஒன்னக் கழிச்சுப் பாருங்க, ஒம்பதால மீதியில்லாம வகுபடும்."

கழித்துப் பார்த்தார். தொண்ணூறு. அப்படியே மரப்பலகை மேல் உட்கார்ந்துவிட்டார். அன்றுதான் முதல்முறையாக அவருக்குத் தன்மேல் சந்தேகம் வந்தது என்று நினைக்கிறேன்.

போனை எடுத்தார். மகளுடைய நம்பரில் பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி அழுத்த ஆரம்பித்தார். யார் யாரோ எடுத்தார்கள், சிலர் திட்டினார்கள். ஒவ்வொரு நம்பருக்கும் ஒன்பதுதான் வந்திருக்கும். கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். இவர் ஹலோ சொல்வதற்குள் அவளே பேசினாள்.

"அப்பா."

இவர் பலகையிலிருந்து எழுந்துவிட்டார்.

"கோவம் ஆற இத்தன வருசமாங்ப்பா? இன்னைக்குக் கூப்புடுவீங்க, நாளைக்குக் கூப்புடுவீங்கன்னு இருந்தனே. அப்படி என்னதான் பண்ணிட்டு இருந்தீங்க?"

"கூட்டிப் பாத்துட்டு இருந்தேன் சாமி" என்றார்.