ஒன்றரைக் கட்டைத் துரோகம்

லாம்ப்ரோஸ் கலூதிஸுக்கு வயது நாற்பத்தெட்டு ஆகியும் குரல் மட்டும் முப்பத்துநாலிலேயே நின்றுவிட்டது என்பது ஏதென்ஸ் முழுக்கத் தெரிந்த விஷயம். தெரியப்படுத்தியவர் அவரேதான். ஒமோனியா சதுக்கத்துக் காப்பிக்கடையில் தினமும் பத்து மணிக்கு வந்து உட்காருவார். கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

"அந்த உச்ச சுரம் இருக்கே, அது இருந்த இடத்துலயேதான் இருக்கு. நான் போய்த் தொட்டுட்டு வரேன், அவ்வளவுதான்."

ஸாக்கிந்தோஸ் தீவில் பிறந்தவர், நாவிதர் மகன். அந்தத் தீவில் முடிவெட்டும் கடைக்கு முடி இல்லாதவர்களும் வருவார்கள், கூட்டாகப் பாடுவதற்கு. கலூதிஸ் படித்த சங்கீதப் பள்ளி அதுதான். சுரம் எழுதிய தாளைக் கையில் கொடுத்தால் மீன் சுற்றத்தான் பயன்படுத்துவார். எல்லாம் கேள்வி ஞானம். வாத்தியம் எங்கே தொடங்குகிறதோ அங்கே இவரும் தொடங்குவார்.

ஏதென்ஸ் வந்து இரண்டு வருஷம் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பாடினார். பிறகு பாட்டு நாடகம் போடும் ஒபரெட்டாக் கம்பெனியின் முதல் டெனர், அதாவது உச்சக்குரல் கதாநாயகன், ஆனார். கதையில் கப்பல்காரனாக வந்தாலும் கடன்காரனாக வந்தாலும் வால்கோட்டுதான் போடுவார். கம்பெனித் தையல்காரி எவாந்தியாவைக் கட்டிக்கொண்டார். பிறந்த மகளுக்கு ஞானத்தந்தையாக நின்று ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து தூக்கியவர் வாத்தியக் குழுவின் தலைவர் ஃபோகியோன். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் "கும்பாரே" என்றுதான் கூப்பிடுவார்கள். உடன்பிறப்புக்கும் ஒரு படி மேலான உறவு அது.

1938 கோடையில் கலூதிஸின் இருபதாவது மேடை ஆண்டுக்காகக் கம்பெனி மரியாதை இரவு அறிவித்தது. ஒரே ஒரு நடிகருக்கென்று ஒதுக்கிய ஆட்டம். ரசிகர்கள் பூக்கூடை அனுப்புவார்கள், காலில் நாடா கட்டிய புறாக்களைப் பறக்கவிடுவார்கள். அடுத்த பருவத்திலும் முதல் டெனர் இவர்தானா என்பதை முதலாளி அந்தக் கைதட்டலை வைத்துத்தான் முடிவுசெய்வார். இரண்டு தெரு தள்ளி இருபத்தைந்து வயதில் ஒருவன் பாடிக்கொண்டிருந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடவேண்டும்.

காப்பிக்கடையில் கலூதிஸ் மேஜையைத் தட்டினார். "பதினாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கிராமபோன் தட்டு போட்டேனே, 'ஸ்மராக்தா, கதவைத் திற', அதை மேடையில ஓடவிடுங்க. நான் பக்கத்துல நின்னு சேர்ந்து பாடறேன். எது பழசு, எது புதுசுன்னு எவனாவது சொல்லட்டும்!"

மறுநாளே சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள். ஃபோகியோனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"கும்பாரே, அந்தத் தட்டுல கீறல் விழுந்திருக்கு."

"வேற தட்டு வாங்கு."

"ஒரு தடவை ஒத்திகை பார்த்துடுவோம்."

"என் பாட்டை நானே ஒத்திகை பார்க்கணுமா? உனக்கு வயசாயிடுச்சு, கும்பாரே."

தன் தட்டை அவர் இதுவரை வீட்டில் வைத்ததுமில்லை, கேட்டதுமில்லை. தன் குரலைத் தானே கேட்பது தன் சவத்துக்குத் தானே மெழுகுவத்தி பிடிப்பதுபோல என்பார்.

அன்று சரளைக்கல் பரப்பிய திறந்தவெளி அரங்கில் நாற்காலி ஒன்று மிச்சமில்லை. பெட்டியைச் சாவி கொடுத்து ஓடவிட்டார்கள். புனலிலிருந்து கிளம்பிய இளங்குரல் "ஸ்மராக்தா..." என்றது. கலூதிஸ் வாய் திறந்தார். முதல் வரியிலேயே குரல் குதிகாலை உயர்த்தி நிற்கவேண்டியதாயிற்று. இரண்டாவது வரியில் கழுத்து நரம்பு புடைத்தது. உச்ச சுரத்துக்குத் தட்டு சிரித்துக்கொண்டே ஏறிப்போனது. இவருடைய குரல் பாதி வழியில் உடைந்து, கோழி கத்துகிறமாதிரி ஒரு சத்தமாக விழுந்தது.

பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "ஏய் கலூதிஸ், உன் பையன் உன்னைவிட நல்லாப் பாடறான்யா!"

சிரிப்பு. ஃபோகியோன் மேடைக்கு முன்னாலிருந்த வாத்தியக் குழியிலிருந்து எழுந்து, "மெஷின் வேகமா ஓடுது! அதான் சுருதி ஏறிப்போச்சு! நிறுத்துங்க!" என்றார். கூட்டம் உடனே நம்பியது. பெட்டிக்கு ஒரு கூச்சல், கலூதிஸுக்கு ஒரு கைதட்டல்.

கலூதிஸ் குனிந்து வாத்தியக்காரர்களைப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷம் பழகிய கிளாரினெட்காரன் ஷூ நாடாவைக் கட்டினான். அவன் போட்டிருந்தது நாடா இல்லாத ஷூ. அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"எவ்வளவு?" என்றார் மெல்ல.

"ஒன்றரைக் கட்டை இறக்கியிருக்கேன்," என்றார் ஃபோகியோன். "மூணு தவணையா. முதல்ல நீ காய்ச்சல்ல கிடந்து வந்தப்போ."

"பழைய சுருதியில வாசி."

"அந்தத் தாள் இப்ப இல்ல, கும்பாரே. எல்லாத்தையும் என் கையால மாத்தி எழுதிட்டேன்."

கூட்டம் பொறுமையிழந்து பேரைச் சொல்லிக் கூவியது. வாத்தியம் தொடங்கிவிட்டது, ஒன்றரைக் கட்டை கீழே. வேறென்ன செய்வார், பாடினார். உச்ச சுரம் பட்டுப்போல் வந்து நின்றது. கைதட்டலில் புறாக்கள் மிரண்டன, ஒன்று டிரம்மில் போய் உட்கார்ந்தது. முதலாளி ஓரத்தில் நின்று தலையாட்டினார். கலூதிஸ் குனிந்து வணங்கியபடியே இத்தனை வருஷக் கைதட்டலையும் திரும்பக் கேட்டுப் பார்த்தார். எது தன்னுடையது, எது ஃபோகியோன் போட்ட பிச்சை என்று பிரிக்க முடியவில்லை.

வீட்டில் எவாந்தியாவிடம் கேட்டார். "உனக்கும் தெரியுமா?"

"சுருதி எனக்கென்ன தெரியும்? உன் வால்கோட்டை வருஷா வருஷம் பிரிச்சு விரிச்சுத் தைக்கிறேனே, அது உனக்குத் தெரியுமா?"

கலூதிஸ் கோட்டைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே நான்கு வெவ்வேறு காலத்து ஒட்டுத்துணி, நான்கு விதக் கறுப்பு. கோட்டும் துரோகி.

ஒப்பந்தம் கிடைத்தது. அடுத்த கோடையின் முதல் ஒத்திகைக்கு வந்தபோது அவர் நேராகக் குழியருகே போய் நின்றார். "கும்பாரே" என்று கூப்பிடவில்லை. அதன்பின் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"இந்த வருஷம் எவ்வளவு, மாஸ்டர்?"

ஃபோகியோன் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணைப் பார்க்காமல், ஆட்காட்டி விரலை நீட்டி, பாதியாக மடித்துக் காட்டினார். அரைக் கட்டை.

"இனிமே எங்கிட்ட கேட்டுட்டு எழுது," என்று சொல்லிவிட்டு, கலூதிஸ் படியேறிப் போய்த் தன் இடத்தில் நின்று, வாத்தியம் எங்கே தொடங்குகிறது என்று காத்திருந்தார்.